டோக்கியோவில் நாலு பேரும் ஒரு சுஷிக் கடையும்

முதல் நாள், வியாழன்

நரிதா விமான நிலையத்தில் கேப்டன் இடுப்பில் கை வைத்து நின்ற தோரணையைப் பார்த்தால், எங்கள் ஹாஸ்டல் கிரிக்கெட் டீமுக்கு இன்னமும் அவன்தான் தலைவன் போல இருந்தது. தொப்பை மட்டும் புதிது. டோக்கியோவில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறான். வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, "இப்ப வந்தாத்தான் உண்டு, வாங்கடா" என்றான். நான், மொட்டை, வாத்தி மூவரும் கோலாலம்பூரில் விமானம் மாறி வந்து சேர்ந்தோம்.

பெயர்களைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மொட்டைக்கு இன்றைக்குத் தலை நிறைய முடி. முதல் வருஷம் திருப்பதி போய் வந்தபோது வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. வாத்தி ஆசிரியர் இல்லை. பேச ஆரம்பித்தால் பெல் அடிக்காமல் நிறுத்த மாட்டான், அதனால். இந்தப் பயணத்துக்கு முக்கியமான தகவல், வாத்தி சைவம். முட்டை மட்டும் உண்டு.

சைவக்காரனைக் கூட்டிக்கொண்டு, வினிகர் சோற்றின் மேல் பச்சை மீன் வைத்துத் தரும் சுஷி சாப்பிடப் போகிறோம் என்று அப்போதே தெரியும். சனிக்கிழமை ராத்திரிக்குக் கேப்டன் ஒரு சின்னக் கடையில் நாலு இடம் பிடித்து வைத்திருந்தான். முதலில் கேட்ட கடை, மீன் சாப்பிடாத ஆள் ஒருவர் உண்டு என்றதும் மன்னிப்பு மேல் மன்னிப்பாகக் கேட்டு மறுத்துவிட்டதாம். இரண்டாவது கடைக்காரர் அரை நிமிஷம் யோசித்துவிட்டு, "வரச் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்றாராம்.

எனக்கும் ஒரு தயக்கம் இருந்தது. நான் தூத்துக்குடிக்காரன். மீன் என்றால் குழம்பு, பொரியல், புட்டு, மிஞ்சினால் கருவாடு. "எங்க ஊர்ல பூனைதான் மீனைப் பச்சையாத் திங்கும்" என்றேன் காரில். "உங்க அம்மா குழம்பு வைக்கிற வாசம் வந்தா அந்தப் பூனையும் காத்திருக்கும்" என்றான் மொட்டை.

கேப்டன் வீடு நிஷி-கசாயில். டோக்கியோவின் கிழக்கு ஓரம், எதொகாவா வட்டாரம். 2000 வாக்கில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம்மவர்கள் பலர் இங்கே வீடு பிடித்துத் தங்கிவிட்டார்கள். துவரம்பருப்பும் கறிவேப்பிலையும் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கின்றன. வழியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்தோம். வாசலிலேயே அரிசி மூட்டைகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் சிவப்பு எழுத்தில் ஏதோ ஒட்டியிருந்தார்கள். "ஷின்மை. புது அரிசி. இப்ப அறுவடை சீசன், புது அரிசின்னா இங்க திருவிழா" என்றான் கேப்டன். 5 கிலோ 4,000 யென்னுக்கு மேல். ஒரு யென்னுக்கு ஐம்பத்தேழு காசு என்று வைத்துக் கணக்குப் போட்ட வாத்தி, மூட்டையை மரியாதையாகத் திரும்ப வைத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு இதில் பாதி விலைதானாம்.

ராத்திரிச் சாப்பாடு பக்கத்திலிருந்த சுழலும் சுஷிக் கடையில். சனிக்கிழமைக்கு ஒத்திகை என்றான் கேப்டன். தட்டுகள் பட்டையில் ஊர்ந்து வரும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்கள் போன கடையில் பட்டை காலியாக ஓடிக்கொண்டிருந்தது. 2023 ஜனவரியில் ஒரு பையன் பொதுவாக வைத்திருந்த சோயா சாஸ் பாட்டிலை நக்கும் வீடியோ நாடெங்கும் பரவிய பிறகு, பல கடைகளில் தட்டைச் சுற்றவிடும் பழக்கமே போய்விட்டது. இப்போது திரையில் தொட்டால், தட்டு தனிப் பாதையில் நேராக நம் மேசைக்கு முன் வந்து நிற்கிறது.

இந்தப் பட்டையைக் கண்டுபிடித்தவர் யோஷியாகி ஷிராயிஷி என்ற கடைக்காரர். பீர்த் தொழிற்சாலையில் பாட்டில்கள் வரிசையாக நகர்வதைப் பார்த்து வந்த யோசனையாம். 1958இல் ஒசாகாவை அடுத்த ஹிகாஷி ஒசாகாவில் முதல் கடை. 1970இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியில் வைத்துக் காட்டியதும் பிரபலமாகிவிட்டது. வேகம் நொடிக்கு 8 சென்டிமீட்டர் என்று நிர்ணயித்தார் என்பார்கள். அதைவிட மெதுவாகப் போனால் சாப்பிடுபவனுக்குப் பொறுமை போகும், வேகமாகப் போனால் மீன் காயும்.

மேசையில் ஒரு குட்டிக் குழாய் இருந்தது. சாப்பாட்டுக்கு முன் கை கழுவிப் பழகிய மொட்டை, அடடா என்ன வசதி என்று விரலை நீட்டி அமுக்கினான். டீக்கான கொதிநீர். அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக் குழந்தை ஒன்று சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தது. பக்கத்து டப்பாவில் இருந்த பச்சைப் பொடியை, சுஷியோடு வரும் காரமான வசாபி என்று நினைத்துச் சாஸில் கலக்கியது நான். அது டீத்தூள். ஆக இருவரும் சமம்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சால்மன் வெண்ணெய் மாதிரி இருந்தது. அதைப் பச்சையாகச் சுஷியில் வைப்பதே ஜப்பானின் பழைய வழக்கமில்லை என்றும், 1980களில் நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணை மீனை விற்க வந்த பிறகுதான் என்றும் கேப்டன் சொன்னான். வாத்தி வெள்ளரிக்காய்ச் சுருளாகப் பதினான்கு தின்றான். மொத்தம் 31 தட்டு. தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

இரண்டாம் நாள், வெள்ளி

விடிகாலை நாலே முக்காலுக்கு டாக்சி. கதவு தானாகத் திறந்ததும் மொட்டை "வணக்கம்" சொன்னான், பேய்க்குச் சொன்னானா டிரைவருக்குச் சொன்னானா தெரியவில்லை. போன இடம் டொயோசு மீன் சந்தை. முன்பு சுகிஜியில் இருந்த மொத்தச் சந்தை, 2018 அக்டோபரில் இங்கே இடம் மாறியது. சூரை மீன் ஏலத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஏலத்துக்குப் பக்கத்திலேயே நின்று பார்க்கும் மேடைக்கு முன்கூட்டியே குலுக்கல் உண்டு. எங்களுக்கு விழவில்லை. மாடியில் எல்லோருக்கும் திறந்திருக்கும் கண்ணாடி நடைக்குப் போனோம்.

தூத்துக்குடியில் மீன் ஏலம் என்றால் காதுக்குள் கடல் புகுந்த மாதிரி இருக்கும். இங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரே அமைதி, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பார்ப்பது போல. கீழே பச்சை வண்ணத் தரை, அதன் மேல் வால் வெட்டப்பட்ட சூரைகள் வரிசையாகக் கிடந்தன. தரைக்குப் பச்சை அடித்ததற்குக் காரணம், சிவப்புச் சதையின் நிறம் அதில் எடுப்பாகத் தெரியும் என்பதுதானாம். ரப்பர் பூட்ஸ் போட்ட ஆட்கள் குனிந்து, வால் வெட்டின இடத்தில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்க்கிறார்கள். கொழுப்பு எவ்வளவு என்று விரலிலேயே கணக்கு. எங்கள் ஊரில் பெரியம்மாக்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள். வாலை வெட்டிப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

மணி அடித்ததும் ஏலக்காரர் பாட்டு மாதிரி ஏதோ இழுத்தார். வாங்குபவர்கள் வாய் திறக்கவில்லை, விரலால்தான் விலை சொன்னார்கள். ஒரு மீனுக்குச் சில நொடிகள். 2019 புத்தாண்டு முதல் ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள ஒரே மீன் 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது இந்தச் சந்தையில்தான். புத்தாண்டு ஏலம் பாதி விளம்பரம் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். இருந்தாலும், சூரை என்றால் வஞ்சிரம் வாங்க முடியாதவர்கள் வாங்கும் மீன் என்று வளர்ந்தவன் நான். கொஞ்ச நேரம் அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி நின்றேன்.

அப்புறம் சுகிஜி. மொத்தச் சந்தை போய்விட்டாலும் வெளிச் சந்தை அப்படியே இருக்கிறது. அதன் ஓரத்தில் நாமியோகே என்றொரு சிறிய ஷிண்டோ கோயில். அலையைத் தடுப்பவர் என்று பொருள். உள்ளே நினைவுக் கற்கள் நிற்கின்றன. இறாலுக்கு ஒன்று, சுஷிக்கு ஒன்று, முட்டைக்குக்கூட ஒன்று. இத்தனை உயிரை வெட்டிப் பிழைக்கிறோமே என்று வியாபாரிகள் வைத்தவை. முட்டைக் கல்லுக்கு முன் வாத்தி கொஞ்சம் அதிக நேரம் நின்றான்.

அவனுக்கு அங்கே ஒரு சோதனை காத்திருந்தது. குச்சியில் செருகிய இனிப்பு முட்டைத் துண்டு, தமாகோயாக்கி. சுடச்சுட வாங்கிப் பாதி தின்றுவிட்டான். "எப்படிடா இருக்கு?" என்று கேட்ட கேப்டன், பேச்சோடு பேச்சாக, "இதுல தாஷி ஊத்துவாங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தான். தாஷி என்றால் மீன் சாறு. வாத்தி மென்றதை விழுங்குவதா வேண்டாமா என்று ஒரு கணம் அப்படியே நின்றான். மீதிப் பாதி மொட்டைக்குப் போனது.

நாலு கடை தள்ளி அந்தத் தாஷியின் மூலப்பொருளைப் பார்த்தேன். கட்சுவோபுஷி. கறுப்பேறிய கட்டை மாதிரி கூடையில் குவித்து வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து இன்னொன்றில் தட்டினால் மரத்தில் மரம் மோதும் ஓசை. முகர்ந்து பார்த்தேன். மாசி! எங்கள் ஊர் மாசிக் கருவாடு, சந்தேகமே இல்லை. அதே வரிச்சூரை, அதே மாதிரி அவித்து, புகையிட்டு, காயப்போடுவது. இவர்கள் உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சை ஏற்றி இன்னும் பல மாசம் காய வைக்கிறார்கள். நாம் உரலில் இடித்துச் சம்பலில் போடுகிறோம், இவர்கள் தச்சன் இழைப்புளி போன்ற ஒரு பெட்டியில் சீவிச் சாறு எடுக்கிறார்கள். கடைக்கார அம்மா கையில் ஒரு சிட்டிகைச் சீவலை வைத்தார். நாக்கில் பட்டதும் அடுப்படி ஞாபகம் வந்துவிட்டது. 200 கிராம் வாங்கிக்கொண்டேன். பத்தாயிரம் கிலோமீட்டரா, ஏழாயிரம் கிலோமீட்டரா, அவ்வளவு தூரம் வந்து கருவாடு வாங்கிய ஆள் நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய் என்றான் மொட்டை.

மூன்றாம் நாள், சனி

பகலைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். கேப்டன் எங்களை ரியோகோகுவுக்குக் கூட்டிப்போனான். சுமோ அரங்கம் வெறிச்சோடிக் கிடந்தது, நவம்பர் போட்டி ஃபுகுவோகாவில் நடக்கும். நாங்கள் தேடிப் போனது ஒரு தெருவோரத் தகவல் பலகை. ஹனாயா யோஹே என்பவர் 1820களில் சுஷிக் கடை வைத்திருந்த இடம். கையில் பிடித்து உடனே கொடுக்கும் இன்றைய நிகிரி சுஷியைப் பரப்பியவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். டோக்கியோவுக்கு அன்றைய பெயர் எதோ. அந்த நகரத்தில் அது தள்ளுவண்டிச் சாப்பாடு. நின்றபடி இரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுவார்களாம். ஒவ்வொன்றும் இப்போதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு பெரிசு. நம்மூர் கையேந்திபவன்தான்.

மாலை கிளம்பும் முன் கேப்டன் எங்களை வரிசையாக நிற்க வைத்து முகர்ந்தான். சுஷிக் கடைக்கு சென்ட் அடித்துக்கொண்டு போகக் கூடாது, மீன் வாசம் கெடும். மொட்டை மூன்று பேருக்கான சென்டை ஒருவனே அடித்திருந்தான். மறுபடி குளிக்க வைத்தோம்.

கடை ஒரு சந்துக்குள். வாசலில் துணித் தட்டி தொங்கியது, பெயர்ப் பலகை பார்த்த ஞாபகம் இல்லை. உள்ளே வெளிர் மரத்தில் ஒரே ஒரு நீள மேடை, எட்டு இருக்கை. ஏற்கனவே ஒரு வயதான தம்பதி. மேடைக்கு அந்தப் பக்கம் கடைக்காரர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தலை மழித்திருந்தார். மொட்டை உடனே என்னைப் பார்த்தான், பெயருக்குப் பொருத்தமான ஆள் கிடைத்துவிட்டார் என்பது போல. கேப்டன் அவரைத் தாய்ஷோ என்று கூப்பிட்டான். தளபதி என்று அர்த்தம், நாம் டீக்கடையில் தலைவரே என்பது மாதிரி. அவர் மனைவி சூடான ஈரத் துண்டு கொண்டு வந்து வைத்தார்.

ஒமகாசே என்றால் பொறுப்பை அவரிடம் விட்டுவிடுவது. மெனு கிடையாது. மீன் சாப்பிடும் மூவருக்குத் தலைக்கு 12,000 யென், வாத்திக்கு 5,000.

அவர் கையைத்தான் முதலில் பார்த்தேன், ராத்திரி முழுக்க அதையேதான் பார்த்தேன். வினிகர் தண்ணீரில் விரலை நனைத்து, இரு கையையும் ஒரு தட்டுத் தட்டுகிறார். இடக்கையில் மீன் துண்டு. வலக்கை மரத்தொட்டிக்குள் போய், பார்க்காமலேயே ஒரு பிடி சோற்றை அள்ளி வருகிறது. வரும் வழியிலேயே அது உருண்டிருக்கிறது. அதே கையின் ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பொட்டு வசாபி, மீனில் ஒரு தடவு. சோற்றை மேலே வைத்து, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி, புரட்டல், இரண்டு விரலால் ஓர் அழுத்து, திருப்பி இன்னோர் அழுத்து. ஐந்தாறு நொடிகூட ஆகவில்லை. அழுத்தினார் என்று எழுதினேனே தவிர அழுத்தின மாதிரியே இல்லை. மேடையில் வைத்ததும் சோறு லேசாக, மூச்சு விட்டது போல், கீழிறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

முதலில் வெள்ளைச் சதை மீன். அப்புறம் கணவாய், குறுக்கும் நெடுக்குமாக மயிரிழைக் கீறல் போட்டது. கையால் சாப்பிடலாமா என்று மொட்டை தயங்கித் தயங்கிக் கேட்டான். தாராளமாக, கைதான் நல்லது என்றார் தாய்ஷோ. மொட்டையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று நாளாகக் குச்சியோடு போராடியவனுக்கு விடுதலை.

நான் எதிர்பார்த்த கவுச்சி வரவேயில்லை. அதைவிட என்னைக் குழப்பியது வேறொன்று. வாயில் போட்டதும் முதலில் தெரிவது மீன் இல்லை, சோறு. வெதுவெதுப்பாக, கைச் சூட்டில் இருக்கிறது. மேலே உள்ள மீன் குளுமை. நிறமும் பால் வெள்ளை இல்லை, லேசான பழுப்பு. சாக்கே எனும் அரிசி மது வடித்த மண்டியிலிருந்து எடுக்கும் சிவப்பு வினிகர் சேர்ப்பதால் அந்த நிறமாம். புளிப்பும் உப்பும் ஒரு நொடி முன்னால் வந்து இடம் பிடித்துக்கொள்ள, மீன் பின்னால் வந்து உட்காருகிறது.

அடுத்து கொஹாதா. வெள்ளி மேல் கறுப்புப் புள்ளி வைத்த சிறிய மீன், உப்பிலும் வினிகரிலும் ஊறியது. இதில்தான் கடைக்காரரின் கைப்பக்குவம் தெரியும் என்று கேப்டன் காதில் சொன்னான். சோயாவில் ஊறிய சூரைச் சிவப்பு வந்தது. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் மீன் கெடாமல் இருக்கக் கண்ட வழி இந்த ஊறல். கொழுப்பான வயிற்றுப் பாகத்தில் சோயா இறங்காது, சீக்கிரம் கெட்டும் போகும், அதனால் அந்தக் காலத்தில் தூக்கி எறிவார்களாம். பூனைகூடத் தாண்டிப் போகும் என்று அதற்கொரு பெயரே உண்டு. இன்றைக்கு அதுதான் கடையில் விலை கூடினது. அது வந்தபோது நாங்கள் நாலு பேரும், சாப்பிடாத வாத்தி உட்பட, பேசாமல் இருந்தோம். வாயில் மெல்லவே தேவையில்லை, நெய் மாதிரி போய்விட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தச் சிவப்புதான் பிடித்தது. கொழுப்பு ஒரு துண்டுக்கு மேல் திகட்டுகிறது.

வாத்திக்கு என்ன கொடுக்கப் போகிறார் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் கவலை. வெள்ளரி, முள்ளங்கி ஊறுகாய், புளித்த பிளம்பழமும் ஒரு வாசனை இலையும், கத்திரிக்காயைச் சுட்டுத் தோலுரித்து மீன் மாதிரியே மேலே வைத்தது. எல்லாவற்றிலும் தாஷி தொடவில்லை என்று ஒவ்வொரு தடவையும் தலையசைத்துச் சொன்னார். கடைசியில் பழுப்பு நிற நாடா ஒன்றை வைத்துச் சுருட்டிக் கொடுத்தார். கான்ப்யோ. எதோ நகரத்துச் சுஷிக்கடைகளில் பழங்காலத்திலிருந்து உள்ள சுருள். வாத்தி தின்றுவிட்டு, "இது என்னடா, ஏதோ தெரிஞ்ச மாதிரி இருக்கு" என்றான். கேப்டன் கேட்டுச் சொன்னான். சுரைக்காய்! நாடாவாகச் சீவி, வெயிலில் காயவைத்து, சோயாவிலும் சர்க்கரையிலும் வேகவைத்தது. சுரைக்காய் வற்றல். ஹாஸ்டலில் வாரம் மூன்று நாள் சுரைக்காய்க் கூட்டு போட்டதற்காக உண்ணாவிரதம் இருந்தவன் வாத்தி. இன்னொரு சுருள் கேட்டு வாங்கினான்.

இந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்பு நடந்தது. இஞ்சி ஊறுகாய் எனக்கு எட்டவில்லை. மொட்டை தன் குச்சியால் எடுத்து நீட்டினான், நான் என் குச்சியால் வாங்கினேன். கேப்டன் என் மணிக்கட்டில் ஒரு தட்டு. அந்தத் தம்பதி சட்டென்று தங்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். இங்கே உடலை எரித்த பிறகு, எலும்பைக் குச்சியால் எடுத்து ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு மாற்றிக் கலசத்தில் வைப்பார்கள். குச்சியிலிருந்து குச்சி அதற்கு மட்டும்தான். நம்மூரில் காடாத்து அன்று செய்வதைச் சாப்பாட்டு இலையில் செய்து காட்டியிருக்கிறோம். இரண்டு பேரும் எழுந்து நின்று தலை குனிந்தோம். தாய்ஷோ சிரித்து, கை ஆட்டி விட்டார்.

எலும்பு பற்றிப் பேச்சு வந்ததால்தானோ என்னவோ, அவராகவே ஒன்று சொன்னார். சுஷிக்காரர்கள் இந்தச் சோற்றை ஷாரி என்பார்கள். புத்தரின் எலும்புத் துணுக்குகளுக்கும் அதே பெயர், வெள்ளை வெள்ளையாகச் சின்னச் சின்னதாக இருப்பதால் சோற்றுக்கு வந்தது. கேப்டன் மொழிபெயர்த்து முடிக்கும் முன் வாத்தி மேடையில் தட்டினான். "சரீரம்டா! சமஸ்கிருத சரீரம், சீனா போய், இங்க வந்து ஷாரி ஆயிருக்கு!" பெல் அடித்தாலும் நிறுத்த மாட்டான் என்று தெரிந்ததால் அவனுக்கு ஒரு கோப்பை பச்சை டீ ஊற்றினோம்.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். ஊரெல்லாம் புது அரிசி என்று எழுதிப் போட்டிருக்கிறார்களே, இதுவும் புது அரிசியா?

தாய்ஷோ கையைத் துடைத்துக்கொண்டார். புது அரிசியில் ஈரம் அதிகம். வீட்டில் சூடாகச் சாப்பிட அதைப்போல் வேறில்லை. ஆனால் வினிகரை ஊற்றினால் குடிக்காது, மேலேயே நின்று குழைந்துவிடும். போன வருஷத்துப் பழைய அரிசிதான் புளிப்பை உள்ளே இழுக்கும், ஒவ்வொரு பருக்கையும் தனியாக நிற்கும். அதனால் பழையதில் கொஞ்சம் புதியது கலப்பேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள், மூட்டைக்கு மூட்டை மாறும்.

"எங்க அம்மாவும் இதையேதான் சொல்லுவாங்கன்னு சொல்லுடா" என்றேன் கேப்டனிடம். பொங்கல் முடிந்து புது அரிசி வந்தால் எங்கள் வீட்டில் அதை மூட்டையோடு மூலையில் போட்டுவிடுவார்கள். புது அரிசி குழையும், குழம்பு பிடிக்காது, வயிற்றுக்கும் மந்தம். வருஷம் ஆகட்டும் என்பார் அம்மா. கேப்டன் சொல்லி முடித்ததும் தாய்ஷோ என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார். குழம்பு என்றால் என்ன என்று கேட்டார். கேப்டன் கறி என்றான். நான் இல்லை என்றேன். மீன், புளி, மிளகாய் என்று நான் தமிழில் கையால் விளக்கினேன். அவர் புளி என்ற இடத்தில் பிடித்துக்கொண்டார். சுஷி என்ற சொல்லே புளிப்பிலிருந்து வந்ததுதான் என்றார். ஆதியில் மீனை உப்பும் சோறும் போட்டு மாசக்கணக்கில் அமுக்கி வைப்பார்கள், சோறு புளித்து மீனைக் காக்கும். பிவா ஏரிப் பக்கம் இன்னும் அப்படிச் செய்கிறார்கள். அந்தக் காலத்தில் புளித்த சோற்றை வழித்து எறிந்துவிட்டு மீனை மட்டும் தின்பார்களாம்.

"சோத்தையா எறிஞ்சாங்க?" என்றான் மொட்டை, நிஜமான வருத்தத்தோடு.

பிறகு இறால், கடல் முள்ளெலியின் ஆரஞ்சுச் சதை, விலாங்கு இனத்து அனாகோ. முள்ளெலியைக் கடற்பாசி வேலி கட்டி அதற்குள் வைக்கிறார்கள். எனக்கு அது கடலில் விழுந்து வாயில் தண்ணீர் போனது போல் இருந்தது. மொட்டை இரண்டாவது கேட்டான். முடிவில் முட்டை. வாத்தி கேட்காமலே, இதில் தாஷி உண்டு என்று கையால் குறுக்கே பெருக்கல் குறி போட்டுக் காட்டினார் ஓகமிசான், அதாவது கடைக்காரரின் மனைவி.

பில் சாக்கே, பீரோடு 46,200 யென். ரூபாயில் 26,000 பக்கம். டிப்ஸ் வைக்கக் கூடாது. வாசல் வரை இருவரும் வந்து, நாங்கள் சந்து திரும்பும் வரை குனிந்து நின்றார்கள். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்ததும் குனிந்து நிற்பதற்கு நேரமில்லாமல் போனது. கடைசி ரயில். நாலு நடுத்தர வயதுக்காரர்கள் டோக்கியோ நடைபாதையில் ஓடினோம். கதவு மூடும் இசை கேட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே விழுந்தோம்.

நிஷி-கசாயில் இறங்கியதும் வாத்தி மெதுவாகச் சொன்னான், பசிக்கிறது. கேப்டன் குக்கரில் அரிசி போட்டான். மணி ஒன்று. அவன் வீட்டில் இருந்ததும் புது அரிசிதான், நன்றாகக் குழைந்து வந்தது. தயிர் ஊற்றிப் பிசைந்தால் தனி ருசி. மொட்டை மட்டும் இரண்டு விரலை நீட்டித் தயிர்ச்சோற்றில் நிகிரி பிடிக்கப் பார்த்தான், மேலே மாங்காய் ஊறுகாய் வைத்து. மேசையில் நின்றது, எண்ணினேன், மூன்று நொடி.

நாலாம் நாள், ஞாயிறு

பெட்டி கட்டும் நாள். பக்கத்துக் கடையில் வாத்தி கான்ப்யோ நாலு பாக்கெட் வாங்கினான். மொட்டையின் விரல் ஆறிவிட்டது.

விமான நிலையத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். பச்சை மீன் தின்றேன் என்று சொன்னதற்குத் திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன்.

"ஏய்யா, மீனுக்குப் புளி ஊத்துனானா இல்லையா?"

"சோத்துல ஊத்துதாங்கம்மா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எந்த அரிசி?"

"பழைய அரிசி."

"சரி, பொழைச்சுக்கிடுவாங்க" என்றார் அம்மா. "வரும்போது கருவாடு ஏதும் கெடச்சா வாங்கிட்டு வா."